யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்?

2024-ல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் பிரைமரி தேர்தல்களில் ஜோ பைடனுக்கு விழுந்த வாக்குகள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். நவம்பர் மாத வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. கமலா ஹாரிஸின் பெயர் இருந்தது. அந்த ஆண்டு எந்த மாநிலத்தின் பிரைமரியிலும் அவர் அதிபர் பதவிக்கு நிற்கவில்லை. 2020 தேர்தலுக்கான போட்டியிலிருந்தும், முதல் வாக்கு பதிவாகுமுன்பே, 2019 டிசம்பர் 3-ஆம் தேதி விலகிக்கொண்டவர் அவர்.

இதற்குப் பொறுப்பு யார்? ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு பொறுப்பு. போட்டியே வேண்டாம் என்று முன்கூட்டியே தீர்மானித்த மாநிலக் கட்சித் தலைமைகள் பொறுப்பு. தன் வயதை எடைபோடும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்பதை ஏற்க மறுத்த அன்றைய அதிபர் பைடன் பொறுப்பு. வாக்களித்தவர்களுக்கு இவர்களில் ஒருவரும் இன்றுவரை முறையாகக் கணக்கு ஒப்படைக்கவில்லை.

விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தி, தலைமை பட்டியல் வெளியிடும் நம் முறைக்கு மாற்றாக நாமே மேடைதோறும் எடுத்துக்காட்டிய முறை அமெரிக்கப் பிரைமரி. வேட்பாளரைத் தலைமை அறிவிக்காது. கட்சியின் வாக்காளர் தேர்ந்தெடுப்பார். சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். நாட்டின் முதல் பிரைமரி அங்கேதான் நடக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். அந்த முதலிடத்தைத் தெற்கு கரோலினாவுக்குக் கொடுக்கச் சொன்னார் பைடன். தேசியக் குழு கொடுத்தது. நியூ ஹாம்ப்ஷயர் தன் சட்டப்படி 2024 ஜனவரி 23-ல் தேர்தல் வைத்தது. ஜனவரி 5 தேதியிட்டு தேசியக் குழுவின் விதிகள் பிரிவிலிருந்து மாநிலக் கட்சிக்கு ஒரு கடிதம் போனது. அந்தத் தேர்தல் அர்த்தமற்றது என்றது கடிதம். அதை மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றும் பணித்தது. இப்படிச் சொல்வது வாக்காளரைத் தடுக்கும் செயல், நிறுத்துங்கள் என்று மாநிலத் தலைமை வழக்குரைஞரின் அலுவலகம் எச்சரிக்க வேண்டிவந்தது.

வாக்குப்பதிவுக்கு முன்பு, ஆயிரக்கணக்கான வீடுகளில் தொலைபேசி ஒலித்தது. எடுத்தால் பைடனின் குரல். செவ்வாய்க்கிழமை போடும் வாக்கால் பயனில்லை, நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் குரல் அது. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு மத்திய தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விதிக்கத்தான் வேண்டும். ஆனால், போலிக் குரல் சொன்னது என்ன? உங்கள் வாக்கு இப்போது எடுபடாது என்று. கட்சியின் கடிதம் சொன்னது என்ன? அதே செய்தி. குரல் போலி, கடிதம் அசல். கடிதத்துக்கு என்ன அபராதம்?

பைடனின் பெயர் அந்த வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை. ஆதரவாளர்கள் பேனாவால் எழுதி வாக்களித்தார்கள். எழுதியே வெல்ல வைத்தார்கள். பின்னர், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அதே மாநிலம் அனுப்பும் பிரதிநிதிகளுக்குத் தேசியக் குழு கட்சி மாநாட்டில் நாற்காலி போட்டது. கடைசியில் இடம் கொடுப்பதானால், ஜனவரியில் வாக்காளரை அவமதித்தது எதற்கு?

ஃபுளோரிடாவில் கடிதம்கூடத் தேவைப்படவில்லை. ஜனநாயகக் கட்சியின் வாக்காளராகப் பதிவுசெய்தவர்கள் அங்கே 40 லட்சத்துக்கும் மேல். மாநிலக் கட்சி தேர்தல் அதிகாரிகளிடம் ஒரே ஒரு பெயரைக் கொடுத்தது. ஒரு பெயர்தான் என்றால் தேர்தல் நடத்தத் தேவையில்லை என்பது அங்குள்ள சட்டம். தேர்தல் நடக்கவில்லை. பைடனை எதிர்த்து டீன் பிலிப்ஸ் களத்தில் இருந்தார். மரியான் வில்லியம்சன் களத்தில் இருந்தார். அவர்கள் எப்படியும் தோற்றிருப்பார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தோற்கடிக்கும் அதிகாரம் வாக்காளருடையது. மாநிலக் கட்சி அலுவலகத்துடையது அல்ல.

இதே ஃபுளோரிடாவை இதே தேசியக் குழு 2008-ல் தண்டித்தது. குற்றம்? அட்டவணையை மீறி முன்கூட்டியே பிரைமரி நடத்தியது. பிரதிநிதிகளின் வாக்குரிமையைப் பறித்துவிட்டு, பேரம் பேசிப் பேசித் திருப்பிக் கொடுத்தார்கள். முந்தி நடத்திய மாநிலத்துக்குத் தண்டனை உண்டு. நடத்தாமலே விட்ட மாநிலத்துக்குத் தண்டனை இல்லை. உங்கள் விதிப்புத்தகத்தின் லட்சணம் இது.

விவாத மேடைக்கு வருவோம். 2020 தேர்தலுக்காக ஜனநாயகக் கட்சி நடத்திய உட்கட்சி விவாதங்கள் 11. 2024-க்காக நடத்தியவை? ஒன்றுகூட இல்லை. பதவியில் இருப்பவரைக் கேள்வி கேட்க மேடை போடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள். மேடை போட்டவர்கள் வேறு. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் போட்ட மேடையில், டிரம்புக்கு எதிரில், 90 நிமிடங்களில் பைடனின் தடுமாற்றத்தை நாடு பார்த்தது. ஜனவரியிலேயே பார்த்திருக்க வேண்டியதை ஜூன் கடைசியில் பார்த்தது. அதற்குள் பிரைமரிகள் எல்லாம் முடிந்துவிட்டன. வாக்குகள் எல்லாம் எண்ணப்பட்டுவிட்டன. பார்த்ததை வைத்து முடிவெடுக்க வாக்காளரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

24 நாள் கழித்து, ஜூலை 21-ல் பைடன் விலகினார். அரை மணி நேரத்துக்குள் ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்து ஒரு பதிவு. போட்டியிடக்கூடும் என்று பேசப்பட்ட ஆளுநர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று ஆதரவு அறிவித்தார்கள். மறுநாள் இரவுக்குள் தேவையான பிரதிநிதிகளின் ஆதரவு சேர்ந்துவிட்டதாக ஏபி செய்தி நிறுவனம் கணக்கிட்டது. போட்டியிட விரும்பினால் ஜூலை 30-க்குள் 300 பிரதிநிதிகளின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தேறிய பெயர் ஒன்றே. இணையவழி வாக்கெடுப்பு ஆகஸ்ட் 5-ல் முடிந்தது. சிகாகோ மாநாடு தொடங்கியதோ ஆகஸ்ட் 19-ல். முடிவெடுத்த பிறகு கூடிய மாநாடு அது. பலூன்கள் நிறைய விழுந்தன.

மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அந்த நாட்களில் அர்ச்சனை நடந்தது. ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊர் அது. பெருமைப்பட அவர்களுக்கு உரிமை உண்டு. நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தக் கோயில் வாசலோடு நின்றுகொண்டது வேறு விஷயம். இந்தப் பெண்மணியை எந்த வாக்காளர் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி தமிழில் சரியாக எழவே இல்லை. எழுப்பியிருக்க வேண்டும். அவருக்குமே அது நன்மையாக இருந்திருக்கும். போட்டியிட்டு வென்ற வேட்பாளர் என்ற தகுதியை அவருக்குக் கொடுக்க மறுத்ததும் இதே தலைமைதான்.

தலைவர்கள் ஆதரவு அறிவிப்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரி 26-ல் கட்சியின் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்ன் தெற்கு கரோலினாவில் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார். மைக் முன்னால் நின்று, காரணத்தைச் சொல்லி, பகிரங்கமாக அறிவித்தார். 3 நாள் கழித்து வாக்குப்பதிவு. அவர் பேச்சை ஏற்றவர்கள் பைடனுக்குப் போட்டார்கள். ஏற்காதவர்கள் பெர்னி சாண்டர்ஸுக்குப் போட்டார்கள். அது ஆதரவு. கேட்டுவிட்டு வாக்காளர் தீர்ப்புச் சொல்லும் இடம் அதில் இருந்தது. 2024 ஜூலையில் அந்த இடம் இல்லை. ஆதரவு அறிவிப்பே தீர்ப்பாகிவிட்டது.

மிச்சிகன் வாக்காளர்களை நாம் மறக்கவில்லை. 2024 பிப்ரவரி 27-ல் அங்கே 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்கள். காஸாவில் விழும் குண்டுகளுக்கு அவர்கள் தெரிவித்த எதிர்ப்பு அது. கட்சியை விட்டுப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கட்சி கொடுத்த வாக்குச்சீட்டில், கட்சி கொடுத்த கட்டத்தில், கட்சிக்குச் செய்தி சொன்னார்கள். சிகாகோ மாநாட்டில் பாலஸ்தீன வம்சாவளிப் பேச்சாளர் ஒருவருக்குச் சில நிமிடங்கள் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. அரங்கத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து போராடினார்கள். உள்ளே நிகழ்ச்சி நிரல் தடையின்றி நடந்தது.

இதெல்லாம் புதிதாக வந்த நோய் என்று எண்ண வேண்டாம். 1968-ல் இதே சிகாகோவில், ஒரு பிரைமரியிலும் நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கினார்கள். வீதியில் ரத்தம் சிந்தியது. அதன் பிறகுதான் கட்சி விதிகளைத் திருத்த மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம் வந்தது. வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முறை 1972 முதல் வேரூன்றியது. 56 ஆண்டு கழித்து அதே நகரத்தில், பிரைமரியில் நிற்காத இன்னொருவருக்கு முடிசூட்டினார்கள்.

2016-ல் என்ன செய்தார்கள்? ஜூன் 7-ல் கலிஃபோர்னியா வாக்களிக்க இருந்தது. ஜூன் 6 மாலையே ஹிலாரி கிளிண்டன் வேட்பாளராகிவிட்டார் என்று செய்தி வந்துவிட்டது. மக்கள் தேர்ந்தெடுக்காத சூப்பர் டெலிகேட்டுகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலம் மறுநாள் காலை வரிசையில் நின்றபோது முடிவு பழைய செய்தியாகியிருந்தது. ஜூலை 22-ல் தேசியக் குழுவின் மின்னஞ்சல்கள் வெளியாயின. நடுநிலை வகிக்க வேண்டிய அலுவலகத்தில், கிளிண்டனின் போட்டியாளர் சாண்டர்ஸுக்கு எதிராக நடந்த பேச்சு அம்பலமானது. இரண்டே நாளில் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அதைவிட மோசமான வாக்குமூலம் 2017 ஏப்ரலில் வந்தது. தலைவர் பாரபட்சமின்றி நடக்க வேண்டும் என்று கட்சியின் சாசனம் சொல்கிறது. அதை மீறினீர்கள் என்று வழக்கு. ஃபுளோரிடாவில் மத்திய நீதிமன்றத்தில் கட்சியின் வழக்கறிஞர் எழுந்து என்ன வாதாடினார் தெரியுமா? பழைய காலம்போலப் பின்னறையில் உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்துக்கொண்டே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்றார். வழக்கு தள்ளுபடியானது. வாதம் தள்ளுபடியாகவில்லை. 2024-ல் அது நடைமுறைக்கே வந்துவிட்டது. சுருட்டு மட்டும்தான் இல்லை.

2018-ல் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்றில் வாக்கில்லை என்று விதி திருத்தினார்கள். சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் மாநிலம் மாநிலமாகச் சண்டை போட்டதால் வந்த திருத்தம். தாமாக முன்வந்து ஒரு கமாவைக்கூட இவர்கள் மாற்றியதில்லை.

2020 பிப்ரவரி 3 இரவு அயோவாவில் நடந்தது இன்னும் வேதனை. அன்றைய காக்கஸ் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரும் வேலையாக இருக்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், தேவாலய அரங்கில், குளிர்கால மேலங்கியோடு அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ஒவ்வொரு மூலையில் ஒவ்வொரு வேட்பாளரின் ஆட்கள். தலை எண்ணுகிறார்கள். கையில் உள்ள அட்டையின் ஒரு பக்கத்தில் முதல் விருப்பத்தை எழுதுகிறார்கள். பெரும்பாலான கூட்டங்களில் 15 சதவீதம் சேராத அணி கலைய வேண்டும். அங்கேதான் விவாதம் சூடு பிடிக்கும். எங்கள் பக்கம் வாருங்கள் என்று அணி அணியாக வந்து பேசுவார்கள். மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒருவர் கேட்பார். டிரம்பை இவரால் வெல்ல முடியுமா என்று இன்னொருவர் மடக்குவார். மனம் மாறியவர் கூடத்தைக் கடந்து எதிர் மூலைக்கு நடப்பார், எல்லாரும் பார்க்க. அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் இரண்டாம் விருப்பம். வாக்காளர் தன் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்தார்.

கட்சி தன் வேலையைச் செய்யவில்லை. முடிவை அனுப்ப ஷேடோ என்ற நிறுவனத்திடம் ஒரு செயலி வாங்கியிருந்தார்கள். ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. செயலி படுத்துவிட்டது. கூட்டம் நடத்தியவர்கள் தொலைபேசியில் சொல்லலாம் என்று அழைத்தால் லைன் கிடைக்கவில்லை. மணிக்கணக்கில் காதில் வைத்துக் காத்திருந்தார்கள். அன்றிரவு முடிவு வரவில்லை. மறுநாள் மாலை பாதிக்குச் சற்று மேல் வந்தது. வந்த கணக்கிலும் பிழைகள். மக்கள் வாக்கில் சாண்டர்ஸ் முந்தினார். மாநிலப் பிரதிநிதிக் கணக்கில் பீட் புட்டிஜெஜ் மயிரிழையில் முந்தினார். வென்றவர் யார் என்று அறிவிக்க ஏபி மறுத்துவிட்டது. மாநிலக் கட்சித் தலைவர் டிராய் பிரைஸ் ராஜினாமா செய்தார். ராஜினாமா தொலைந்த இரவைத் திருப்பித் தராது.

குடியரசுக் கட்சி இதைப் படித்து மகிழ வேண்டாம். 2020-ல் டிரம்பை எதிர்த்து மார்க் சான்ஃபோர்ட், பில் வெல்ட், ஜோ வால்ஷ் கிளம்பினார்கள். தெற்கு கரோலினா, நெவாடா, கான்சாஸ், அரிசோனா மாநிலக் கட்சிகள் போட்டியையே ரத்து செய்தன. சான்ஃபோர்ட் தெற்கு கரோலினாவின் முன்னாள் ஆளுநர். அவர் ஊரிலேயே அவருக்கு வாக்குச்சீட்டு இல்லை. 2024-ல் நெவாடாவில் வேடிக்கை பார்த்தோம். அரசு பிப்ரவரி 6-ல் பிரைமரி நடத்தியது. கட்சி பிப்ரவரி 8-ல் தனியாகக் காக்கஸ் நடத்தியது. பிரதிநிதிகள் காக்கஸுக்கு மட்டும். நிக்கி ஹேலி பிரைமரியில் நின்றார், டிரம்ப் காக்கஸில் நின்றார். இருவரும் ஒரே வாக்குச்சீட்டில் இல்லை. பிரைமரியில் ஹேலியை வென்றது நம் ஊர் நோட்டாவைப் போன்ற 'இவர்களில் எவருமில்லை'. டிரம்ப் அந்த முறை ஓர் உட்கட்சி விவாதத்திலும் கால் வைக்கவில்லை. கட்சி அதை ஏற்றுக்கொண்டது.

இத்தனையும் தாண்டி வாக்களிக்கப் போனவர்களை வரிசையில் நிறுத்தி வதைத்தார்கள். 2016 மார்ச் 22-ல் அரிசோனாவின் மரிகோபா கவுண்டியில் வாக்குச்சாவடிகள் 60. நான்கு ஆண்டுகளுக்கு முன் 200 இருந்தன. மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் மேல். 5 மணி நேரம் வரை நின்றார்கள். நள்ளிரவு கடந்தும் வாக்களித்தார்கள். 2020 ஏப்ரல் 7-ல், பெருந்தொற்றின் நடுவே, மில்வாக்கி நகரம் முழுவதற்கும் 5 சாவடிகள். வழக்கமாக 180. முகக்கவசம் அணிந்து, ஆறடி இடைவெளி விட்டு, தெருவைச் சுற்றி நின்றார்கள். நியூயார்க்கில் 2016 ஏப்ரல் பிரைமரியில் வாக்களிக்க, கட்சி மாறுவோர் 2015 அக்டோபரிலேயே மனுக் கொடுத்திருக்க வேண்டும். டிரம்பின் மகளும் மகனுமே கெடுவைத் தவறவிட்டுத் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். புரூக்ளினில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். வந்து பார்த்தால் பெயர் இல்லை. இரண்டு அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்து கோப்பை மூடப் பார்த்தார்கள்.

அந்த நியூயார்க்கே 2019-ல் சட்டத்தை மாற்றிக் கெடுவைப் பிப்ரவரிக்குக் கொண்டுவந்தது. ஆக, மாற்ற முடியும். மாற்ற மனமில்லாதவர்களிடம்தான் இப்போது பேசுகிறோம்.

2025 பிப்ரவரியில் தேசியக் குழுவின் தலைமைக்கு வந்தவர் கென் மார்ட்டின். அவரும் அவருக்குப் பின் வருபவரும் கேட்க வேண்டும். பிரைமரியை ரத்து செய்யும், அல்லது ஒற்றைப் பெயரைக் கொடுத்து முடக்கும் மாநிலக் கட்சி தன் பிரதிநிதிகளில் பாதியை இழக்க வேண்டும். தேதியை மீறும் மாநிலத்துக்கு அந்தத் தண்டனை உங்கள் விதியில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரியைச் சேர்த்தால் போதும். பதவியில் இருப்பவரை எதிர்த்துத் தகுதியுள்ள ஒருவர் நின்றால் விவாதம் கட்டாயம். வர மறுப்பவரின் நாற்காலி காலியாக இருக்கட்டும். மேடை இருக்க வேண்டும். பிரைமரிகள் முடிந்த பின் வேட்பாளர் விலகினால், போட்டியிட விரும்பும் எவரும் பிரதிநிதிகள் முன்பு வந்து பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மாநாட்டுத் தளத்திலேயே வாக்கெடுப்பைச் சந்திக்கும் விதி வேண்டும். 300 கையெழுத்தும் 9 நாள் கெடுவும் இனி செல்லாது. கட்சி நிர்வாகிகள் பிரைமரி காலம் முடியும்வரை எவருக்கும் ஆதரவு அறிவிக்கக்கூடாது. அறிவித்தால் பதவி போக வேண்டும். பாரபட்சமின்மை சாசனத்தில் இருந்தும் 2016-ல் அது எவரையும் தடுக்கவில்லை. தண்டனை இல்லாத விதி அது.

மாநில அரசுகளும் கவுண்டி அதிகாரிகளும் சாவடிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். குறைத்தால் குறைத்தவர் பெயரும் காரணமும் சேர்ந்தே வெளிவர வேண்டும். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். 2028-ல் அதன் களமும் திறந்த களம்.

2028-க்கான அட்டவணையும் விதிகளும் ஜனநாயகக் கட்சியில் அதே விதிகள் பிரிவின் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். நியூ ஹாம்ப்ஷயருக்குக் கடிதம் எழுதிய பிரிவு அது. முதல் வேலையாக அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறட்டும். திரும்பப் பெற்றதை, கடிதம் போன அதே முகவரிக்கு, எழுத்தில் தெரிவிக்கட்டும். அட்டவணையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.